சட்டி சாயும் நேரம்

டிசம்பர் 15, திங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்துக்கும் இருந்திருக்காது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் கூடாது, டி.வி. கூடாது. சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால் வாய்க்கு வேலையில்லை. ஆராய்ச்சி டாக்டரம்மா பெனிட்டாதான் இந்த நோட்டைக் கொடுத்தாள். "எழுதுங்கக்கா. எல்லாரையும் கேலி பண்ணின மாதிரியும் ஆச்சு, அவங்க காதுல விழாத மாதிரியும் ஆச்சு" என்றாள். நாகர்கோவில்காரி, பேச்சில் எனக்குச் சளைத்தவள் இல்லை.

நான் ஒச்சம்மாள். இந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் சமையல். வெளியே வெள்ளையாக வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறதே, அதற்கு இவர்கள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய சட்டி. அடுப்பில் இருப்பது சின்னச் சட்டி. "உங்க சட்டியில இன்னைக்கு என்ன வேகுது?" என்று தினமும் கேட்பேன். அது காதால் கேட்கிற சட்டியாம். வானத்திலிருந்து வருகிற சத்தம் ரொம்பச் சன்னம் என்பதால் இங்கே நாம் எதுவும் சத்தம் போடக் கூடாது. சத்தம் என்றால் பேச்சு இல்லை, மின்சாரப் பொருள்களின் சத்தம். அடுப்பைத் தீப்பெட்டியால்தான் பற்றவைக்க வேண்டும், பொறி வைக்கிற லைட்டர் கூடாது. மிக்ஸியைத் தகரம் அடித்த அறைக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சட்னிக்குச் சிறைவாசம்.

ஊரில் வீட்டுக்காரர் இருக்கிறார். அடுத்த வீட்டு மூக்கம்மா சோறு போடுகிறாள். பொங்கலுக்கு முன்னால் என் நாத்தனார் பஞ்சவர்ணம் வந்து அவரைத் திருப்பூருக்கே கூட்டிப் போய்விடுவாள். இனி அங்கேதான். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கென்ன, நிம்மதி.

டிசம்பர் 16, செவ்வாய்

இத்தனை நாள் சமைத்துப் போட்டும் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

"எங்கேயோ தூரத்துல புதுசா நட்சத்திரம் பொறக்குதுக்கா. அதைச் சுத்தி ஒரே தூசி, புகை. கண்ணால பாக்க முடியாது. ஆனா அந்தப் புகைக்குள்ள ஒரு ஆவி இருக்கு. குழந்தை நட்சத்திரத்தோட சூடு பட்டதும் அது ஒரே சுருதியில கத்தும். அதைத்தான் கேக்கோம். நான் பாக்குற இடத்துல எட்டு மாசத்துக்கு ஒருக்க அந்தச் சத்தம் திடீர்னு பொங்கும், அப்புறம் அடங்கிரும். ரெண்டு தடவை பிடிச்சிட்டேன். மூணாவது தடவை இந்த மாசக் கடைசியிலயோ அடுத்த மாசத் தொடக்கத்திலயோ வரணும். வந்தாத்தான் அதுக்கு அது வழக்கம்னு நான் சொல்ல முடியும்."

"வரலைன்னா?"

"மூணு வருச வேலை ஊகமாப் போயிரும்."

"என்ன ஆவி அது?"

"மெத்தனால்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. பேப்பரில் போட்டிருந்தான், கலெக்டர் சொன்னார், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. ஒன்பது வருசம் முன்னால் ஒரு சாவு வீட்டில் அது கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் ஆறு பேர் போனார்கள். என் வீட்டுக்காரர் ராசாங்கம் பிழைத்தார். கண் இரண்டும் போயிற்று. மினிபஸ்ஸில் கண்டக்டர் அவர். ஏறுகிற கிழவிகள் எல்லோரையும் வம்புக்கு இழுத்து, இறங்கும்போது சிரிக்கவைத்து அனுப்புகிற ஆள். வாயில் என்னையே தோற்கடித்தவர். அதற்கப்புறம் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

"இந்தா பாரு தாயி, என் அடுப்படியில அந்தப் பேரு வரப்படாது. வந்துச்சுன்னா ரசத்துல உப்பு இருக்காது" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நிலையத் தலைவர் தணிகாசலம் சாருக்கும் சேர்த்துத்தான். அவர் தலையை ஆட்டினார். ரத்த அழுத்தக்காரர், அவருக்கு அது பெரிய மிரட்டல் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

இன்று வீட்டுக்காரரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூக்கம்மா புளிக்குழம்பு வைத்தால் கரண்டி கரண்டியாக மிளகாய் போடுவாள். அவருக்கு ஆகாது.

டிசம்பர் 20, சனி

கேட்டில் இருக்கிற தரைவழி போனுக்கு மூக்கம்மா பேசினாள். பழனிக்கு நடக்கப் போகிறாளாம். முருகன் கூப்பிட்டுவிட்டானாம். "என்னைக் கேக்காம எப்படிடி கூப்பிட்டான்?" என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

தணிகாசலம் சாரிடம் போய் நின்றேன். நாத்தனார் வருகிறவரை அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற அறையில் வீட்டுக்காரர் இருந்துகொள்ளட்டும் என்றார். "செல்போன் மட்டும் கேட்ல குடுத்துரணும்மா" என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

பால் ஜீப்பில் வந்து இறங்கினார். வெளுத்துப்போன சட்டை, தாடி. மூக்கம்மா ஆளைப் பார்த்துக்கொண்ட லட்சணம்.

அவரிடம் ஒரு பித்தான் போன் இருக்கிறது. அமுக்கினால் ஒரு பொம்பளை மணி சொல்வாள். "நேரம் பத்து பதினைந்து." அவ்வளவு குழைவு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குவார் என்று கணக்கே கிடையாது. அவளைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். கேட்டில் அதைக் கேட்டால் என்ன செய்வதென்று, ஜீப் நிற்கும்போதே வாங்கி மல்லித்தூள் எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டு வந்து, மணி கேட்டதும் திரும்ப மூடிவிடச் சொல்லி அவர் அறையில் வைத்தேன். மனுசனுக்குப் பகலா இராத்திரியா என்று தெரிய அது ஒன்றுதானே இருக்கிறது. ஒரு சின்னப் போன் வானத்தை என்ன செய்துவிடப் போகிறது?

"இங்க என்ன தேடுறாங்க?" என்று கேட்டார்.

"நட்சத்திரம்."

"பகல்லயா?"

"பகல்லதான். உங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசமில்லை, யாரும் கண்ணால பாக்கிறதில்லை."

முன்பென்றால் இதற்கு நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். "ம்" என்றார்.

டிசம்பர் 25, வியாழன்

பெனிட்டா ஊருக்குப் போகவில்லை. பண்டிகை நாளில் அந்த ஆவி பொங்கிவிட்டால் என்ன செய்வதாம். அம்மா அனுப்பிய முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தாள். கோழிக்குழம்பு கொண்டுபோனேன்.

வெளியே பெரிய சட்டி கரகரவென்று கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. நாள் முழுக்க இதே கூத்து.

"ஏன் தாயி, அதுக்கு ஒரு இடத்துல உக்கார முடியாதா?"

"நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் பாக்கும். அப்புறம் பக்கத்துல இருக்க வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பாக்கும்."

"வெறும் வானத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான். ஒண்ணும் இல்லாத இடத்திலயும் ஒரு இரைச்சல் கேக்கும்லா, அது நம்ம இரைச்சல். சட்டியோட சூடு, ஒயரு, மிஷினு எல்லாத்தோடதும். அதைக் கழிச்சிட்டா மிச்சம் இருக்கது நட்சத்திரத்தோடது."

நல்ல யோசனைதான். வீட்டில் சண்டை போடுகிறவர்கள் இப்படி நம் இரைச்சலைக் கழித்துப் பார்த்தால் பாதிச் சண்டை மிச்சமிருக்காது என்றேன். "உங்க வீட்ல சண்டை உண்டாக்கா?" என்றாள். இல்லை என்றேன். சண்டை போட ரெண்டு பேர் பேச வேண்டுமே.

டிசம்பர் 27, சனி

பொங்கிவிட்டது! பெனிட்டா படி இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். கம்ப்யூட்டரில் கோடு குச்சி மாதிரி எழும்பியிருக்கிறதாம். கேசரி கேட்டாள். முந்திரி திராட்சை எல்லாம் அள்ளிப் போட்டுக் கிண்டினேன். தணிகாசலம் சார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நம்ம ஆளும் ஒரு தட்டு சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

பொங்கவில்லை.

பெனிட்டா கேசரிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. "நட்சத்திரத்தைப் பாக்கும்போதும் அந்தக் குச்சி நிக்கு, வெறும் வானத்தைப் பாக்கும்போதும் நிக்குக்கா. ரெண்டிலயும் இருந்தா அது அங்கேருந்து வரல. நம்ம இடத்துல எதுவோ கத்திக்கிட்டு இருக்கு. விட்டு விட்டுக் கத்துறதால கழிக்கவும் முடியல. நிசமான பொங்கல் வந்தாலும் இந்த இரைச்சல்ல முங்கிப் போகும்."

சின்னச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கடுகைப் போட்டேன். அது வெடிக்கிற சத்தத்தில் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

அவள் போனதும் அறைக்குள் போய்ப் பார்த்தேன். போன் டப்பாவில் இல்லை. தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்து டப்பாவுக்குள் போட்டு இறுக மூடி, அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

தணிகாசலம் சார் கையில் குச்சி மாதிரி ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாக, சுவர் சுவராகக் காட்டிக்கொண்டு போனார். ஜோசியர் தண்ணீர் பார்க்கிற மாதிரி இருந்தது. "எந்தப் பக்கம் கிணறு வெட்டலாம் சார்?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. கருவியும் சத்தம் போடவில்லை. டப்பா மூடியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவி அடுப்படிக்கு வந்தார். "மணி என்ன?" என்றார். ஐந்து என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து கேட்டார். மறுபடியும் வந்தார். நாலாவது தடவை டப்பாவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டேன்.

கொடுக்காமல் என்ன செய்வது? அவர் கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது. இறைஞ்சுகிற குரல். பஸ் நிறைய ஆளை அதட்டி உள்ளே தள்ளிய குரல் அது.

டிசம்பர் 30, செவ்வாய்

குச்சி மறுபடி நின்றதாம். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். தணிகாசலம் சார் தண்ணீர் ஊற்றிக் கலந்து குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 31, புதன்

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிட்டது. நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் பெனிட்டா சாப்பிட வந்தாள். தட்டைத் தொடவில்லை. நாலு நாளாக எடுத்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான், நாளைக்கும் இப்படியே என்றால் ஊருக்குப் போய்விடலாம் என்று இருக்கிறது என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நான் மோர் ஊற்றினேன், அது தட்டில் வழிந்தது.

அறைக் கதவு திறந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன்.

"இதுவாத்தா கத்துது?"

"நான்தான் தாயி கொண்டாந்தேன். மல்லித்தூள் டப்பாவுல வச்சு" என்றேன்.

பெனிட்டா எழுந்து போய் அதை வாங்கிப் பார்த்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். "டப்பாவுக்குள்ள இருந்தப்ப ஒண்ணும் தெரியல. எவர்சில்வர்லா, வெளிய விடாது. வெளிய எடுத்தா டவர் எட்டாது, எட்டாததால போன் உள்ள பலம் எல்லாம் சேத்துக் கத்தும்." பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஏங்கக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" அந்த ஒரு வார்த்தைக்குக் கத்தியிருந்தாலே தேவலை.

அவர் கேட்டார்: "நாலு நாள் வீணாப் போச்சுங்கிறீகளே, அப்படி எதைத்தான் தேடுறீக?"

நான் கையை ஆட்டினேன், கண்ணைக் காட்டினேன். அழுத பிள்ளை எதைக் கவனித்தாள்.

"மெத்தனால் அண்ணாச்சி" என்றாள்.

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அசையவில்லை. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிவிட்டு, தடவிப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வானத்திலயா?"

"ஆமா."

"எம்புட்டு இருக்கும்?"

பெனிட்டா என்னைப் பார்த்தாள். இனிமேல் என்ன என்று தலையாட்டினேன். "நம்ம கடல் எல்லாத்தையும் சேத்தாலும் அது பக்கத்துல ஒரு சொட்டு மாதிரி அண்ணாச்சி. அம்புட்டும் ஆவியா நிக்கு. அது கத்துற இடத்துலதான் புதுசா நட்சத்திரம் பொறக்கு. அது எங்களுக்குப் பொறப்புக்கு அடையாளம்."

பெஞ்சு விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் ஓடினேன். அழவில்லை.

"அம்புட்டுச் சரக்கு அங்கன வச்சுக்கிட்டு இருக்கான், ஒரு போலீசுக்காரன் எட்டிப் பாக்கலையா?" என்றார். "ஏத்தா, அங்க பெத்துப் போடுது, இங்க கண்ணைப் புடுங்குது. ஒரே சரக்குதானா? லேபிள்ல எழுதியிருக்கலாம்ல!"

பெனிட்டா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தாள். நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் எனக்கு ஏன் அப்படிக் கண்ணீர் வந்தது என்று தெரியவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வெங்காயம்தான்.

ஜனவரி 1, வியாழன்

சிரித்தார். நேற்று. எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நானே நம்ப மாட்டேன்.

தணிகாசலம் சார் அரை மணி நேரம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஒரு மாதத்துக்குப் பாகற்காய் போடக் கூடாதென்று தண்டனை. சக்களத்தி கேட்டில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஜனவரி 4, ஞாயிறு

மணி கேட்டு வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுப்படி வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெரிய சட்டி நகரும்போது கழுத்தைச் சாய்த்துக் கேட்கிறார். காலையில் கிழக்கே தாழ்ந்திருக்கும்போது ஒரு மாதிரி முனகுகிறதாம், உச்சிக்கு வந்ததும் முனகல் மாறுகிறதாம், மேற்கே சாயும்போது பல்லைக் கடிக்கிறதாம்.

"சட்டி சாயுது. இன்னும் காப்பி வரலையே" என்றார் சாயங்காலம்.

"சட்டி உங்க மாமியாரா, காப்பிக்கு ஆள் அனுப்ப?"

"எங்க மாமியா இம்புட்டு அழகா சத்தம் போட்டதில்லையே."

என் அம்மாவையே இழுத்துவிட்டார். போகட்டும், காப்பியில் சர்க்கரை கூடவே போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பெனிட்டா இந்தத் தடவை ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நேத்தைவிட இன்னைக்குக் கூட இருக்கு அண்ணாச்சி. நட்சத்திரத்துல மட்டும்தான் இருக்கு. வெறும் வானத்துல இல்ல."

"நல்லாப் பாத்தியா தாயி? இவ வேற எதையும் டப்பாவுல வச்சிருக்கப் போறா."

கேசரி வேண்டாம், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றாள். நான் கிண்டிவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்கிறார், "இன்னைக்கு எம்புட்டு?" என்று. முதல் நாளைப் போல மூன்று பங்கு ஆகிவிட்டதாம். மூன்றாவது தடவை. பெனிட்டா அதை யார் யாருக்கோ எழுதி அனுப்பிவிட்டாள். இனி மெல்ல அடங்குமாம்.

"அடுத்து எப்ப?"

"ஆவணி கடைசியில பாக்கலாம் அண்ணாச்சி."

அவர் விரல் மடக்கி எண்ணினார். நான் பார்த்தேன்.

பஞ்சவர்ணம் கேட்டுக்கு போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு வருகிறாளாம். அண்ணனைத் தயாராக வைக்கச் சொன்னாள். வைக்கிறேன் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

அவர் பையைக் கட்டினேன். வேட்டி இரண்டு, துண்டு, போர்வை, சவரச் சாமான். நீலக் கட்டம் போட்ட சட்டை துவைத்துக் கொடியில் கிடக்கிறது. காயவில்லை. மார்கழி வெயிலுக்கு உறைப்பில்லை.

அவரிடம், போகிறீர்களா இருக்கிறீர்களா என்று கேட்கலாம். நான் ஏன் கேட்க வேண்டும்? இத்தனை வருசமாக எது கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பதுதான் பதில். இதற்கும் அதையே சொல்லிவிட்டால்?

ஜனவரி 10, சனி

சட்டை இன்னும் காயவில்லை. காலையில் மறுபடி ஒரு தடவை அலசிப் போட்டேன், காலரில் அழுக்கு இருந்த மாதிரி தெரிந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

பஞ்சவர்ணம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "அண்ணே, எளச்சுப் போயிட்டியே!" உண்மையில் மூன்று வாரத்தில் தொப்பை போட்டிருக்கிறார், அத்தனை கேசரி.

"மதினி, பை எங்க?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். "சட்டை?"

"கொடியில."

"எடுக்கலையா?"

"காயல."

அவள் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

வாசல் பெஞ்சில் இருந்து அவர் குரல் வந்தது. "பஞ்சவர்ணம், நீ கெளம்பு. சட்டி உச்சிக்கு வந்துருச்சு, மலைப்பாதையில வெயிலோட இறங்கிரு."

"நீ எந்திரிண்ணே."

"நான் இப்ப வரல. ஆவணியில ஒண்ணு பொங்கப் போகுது. அதைப் பாத்துட்டு வர்றேன்."

"என்னத்தண்ணே பாக்கப் போற நீ?" கேட்ட பிறகு பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இங்க யாருமே கண்ணால பாக்கிறதில்லத்தா. உன் மதினிகிட்ட கேட்டுப் பாரு, அவதான் சொன்னா." அப்புறம் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார், கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குடத்தைப் பார்த்து. "அது வரைக்கும் இவ சோறு போடுவாளான்னு தெரியல. இவ இஷ்டம்."

"பாகற்காய்தான் போடுவேன்" என்றேன்.

பஞ்சவர்ணம் கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் திட்டினாள், ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள். முறுக்குப் பொட்டலத்தை அண்ணன் மடியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவர் எழுந்து, இன்ஜின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், ஜீப்பின் பக்கவாட்டுத் தகரத்தைத் தொட்டார். நின்றார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம்... ரைட்!"

பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பெனிட்டா மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஜீப் போய்விட்டது.

பொரியல் அடிபிடித்துவிட்டது. இருந்தும் எல்லோரும் சாப்பிட்டார்கள். சட்டையை எடுத்து மடித்து வைத்தேன். காய்ந்துதான் இருந்தது, முந்தாநாளும்.